அறமும் கணக்கும்



இலாபம் கருதாது பொதுநன்மைக்காக இயங்கும் அமைப்பினை அறநிறுவனம் என்கிறோம். வணிக நிறுவனத்தின் இலாபத்தைப் பங்காளர் பகிர்ந்துகொள்வர். அறநிறுவனத்தில் மிஞ்சும் பணமோ மீண்டும் அதன் நோக்கத்திற்கே செலவிடப்படல் வேண்டும். அதனை நடத்துவோர் உடைமையாளர் அல்லர்; காவலர். 'அறங்காவலர்' என்னும் சொல் இதனை அழகுற உணர்த்துகின்றது.

நன்மைகள்

அரசும் வணிகமும் செய்யாத பணிகளை அறநிறுவனங்கள் செய்கின்றன. பிரித்தானியக் கடலில் ஆபத்துக்குள்ளானோரை மீட்கும் உயிர்காப்புப் படகுகளுட் பெரும்பாலானவை 1824 இல் தோன்றிய ஓர் அறநிறுவனத்தினுடையவை. அப்படகுகளிற் செல்வோருட் பெரும்பாலார் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

இடர்கள்

கடையிற் பழம் வாங்குபவர் அதன் சுவையைத் தாமே அறிவார். நன்கொடை வழங்குபவரோ, தம் பணம் உரியவரைச் சென்றடைந்ததா என்பதை நேரிற் காண்பதில்லை. இந்த இடைவெளியை நம்பிக்கையே நிரப்புகின்றது. தவறு நுழைவதும் அவ்வழியேதான்.

இதனை உணர்ந்தே இங்கிலாந்தில் 1601 இல், அறக்கொடைகள் முறைகேடாகப் பயன்படுத்தப்படுவதை விசாரிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1853 ஆம் ஆண்டுச் சட்டம் அறநிறுவன ஆணையத்தைத் தோற்றுவித்தது. இன்று அவ்வாணையத்தின் பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்வையிடலாம்.

ஒரு படிப்பினை

1996 இல் இலண்டனில் தொடங்கிய 'கிட்ஸ் கம்பனி' என்னும் அறநிறுவனம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உதவியது. அரசும் பெருந்தொகை வழங்கியது. ஆயினும் இடர்க்காலத்திற்கெனப் போதிய சேமநிதி அதனிடம் இருக்கவில்லை. அரசு 30 இலட்சம் பவுண் வழங்கிய சில நாட்களிலேயே, 2015 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. அதனை நம்பியிருந்த பிள்ளைகளே பெரிதும் துன்புற்றனர்.

எனினும், 2021 இல் உயர்நீதிமன்றம், அறங்காவலரைப் பதவிகளுக்குத் தகுதியற்றவராக்கக் கோரிய வழக்கைத் தள்ளுபடி செய்தது. மூடப்படுவதற்குச் சற்று முன் எழுந்த குற்றச்சாட்டை விசாரித்த காவல்துறையும் அதற்குச் சான்றில்லை என 2016 இல் அறிவித்தது. இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. நல்ல உள்ளம் மட்டும் போதாது. திட்டமிட்ட நிதி நிர்வாகமும் வேண்டும். கேள்வி கேட்பது கடமை. சான்றின்றிப் பழி கூறுவது அறமன்று.

நமது கடமை

நமது வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் இலாபம் கருதாத அமைப்புகளே. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வெற்றுக் கதிரைகள் மிகுந்திருப்பின் கணக்கைக் கேட்பவர் யார்? காசோலையில் இருவர் ஒப்பமிடுதல், ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டு வழங்குதல், நிர்வாகத்தில் இல்லாத ஒருவர் கணக்கைப் பரிசோதித்தல் ஆகியவை பொருளாளரை ஐயுறுவதற்கான ஏற்பாடுகள் அல்ல. அவரது நற்பெயரைக் காக்கும் வேலிகள். கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணாதிருப்போம். கேட்பவரும் ஆண்டுக்கொருமுறை கேட்பதோடு நில்லாது, பணியிலும் தோள் கொடுப்பாராக!

சிந்திக்க:

1. அறங்காவலர் உடைமையாளர் அல்லர் என்பது ஏன்?
2. சேமநிதி எதற்குத் தேவை?
3. உங்கள் பள்ளியின் ஆண்டுக் கணக்கினைப் பெற்றோருடன் அமர்ந்து வாசித்தீர்களா?