தப்பா பதில் சொன்னா ஸ்கிரீன்ல என்ன வரும்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்ல வருஷா வருஷம் ஒரு இ-லேர்னிங் ஆப் கட்டாயம் இருக்கும். டேட்டாபேஸ் எது, ஃப்ரேம்வொர்க் எதுன்னு மணிக்கணக்கா பேசுவோம். மனுஷன் எப்படிக் கத்துக்கிறான்னு பேசமாட்டோம். ஆனா டிசைனை முடிவு பண்றதே அதைப் பத்தின நம்பிக்கைதான்.

1953-ல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளோட கணக்கு வகுப்புக்குப் போனார். போட்ட கணக்கு சரியா தப்பான்னு பிள்ளைகளுக்கு உடனே தெரியலை. உடனே பலன் கிடைச்சாதான் எதுவும் படியும் என்பது அவர் கொள்கை. அதனால அவர் செய்த கற்பித்தல் இயந்திரம் பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளா உடைச்சு, ஒவ்வொரு படியிலும் விடையைக் காட்டியது. தப்பே வராத அளவுக்குச் சின்னப் படிகள். நாலு ஆப்ஷன் கொடுக்கிறது அவருக்குப் பிடிக்காது. விடையை மாணவரே எழுதணும். நம்ம க்விஸ் ஆப்கள்ல உடனடி ரிசல்ட் இருக்கு, இது மட்டும் காணோம்!

சீமோர் பேப்பர்ட் நேரெதிர். ஜெனீவாவில் பியாஜேவோட வேலை பார்த்தவர். குழந்தை அறிவைத் தானே கட்டிக்குதுன்னு நம்பினவர். 1967-ல் அவரும் சகாக்களும் உருவாக்கின லோகோ மொழியில் பின்னாடி ஒரு ஆமை சேர்ந்தது. சமபக்க முக்கோணம் வரையணும்னு வைங்க. கோணம் 60 தானேன்னு "100 முன்னே போ, 60 வலது திரும்பு" என்று மூணு தடவை கொடுத்தா, பாதி அறுகோணம்தான் வரும். ஆமை 'தப்பு'ன்னு சொல்லாது. நாமளே ஆமை மாதிரி நடந்து பார்த்தா, திரும்ப வேண்டியது வெளிக்கோணம் 120னு பிடிபடும். ஸ்கின்னர் வராம தடுத்த தப்புதான் இங்க பாடமே.

2002-ல் வந்த மூடில் இன்னொரு கதை. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ், சேர்ந்து உருவாக்கும்போதுதான் கத்துக்கிறோம் என்ற எண்ணத்தில் கட்டினது. ஃபோரம், விக்கி, ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் மதிப்பிடுற வொர்க்‌ஷாப் எல்லாம் அதுல இருக்கு. ஆனா பாடம்னா ஆசிரியர் கொடுக்கிறது, மாணவர் வாங்கிக்கிறதுன்னு நினைக்கிறவர் கையில் அதே மூடில் பிடிஎஃப் அலமாரி ஆகிடுது.

அதனால ஆசிரியர்கிட்ட ரெக்வயர்மென்ட் எடுக்கும்போது ஃபீச்சர் லிஸ்ட் மட்டும் கேட்காதீங்க. "1/2 + 1/3 = 2/5னு ஒரு பையன் எழுதினா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. ஒருத்தர் சரியான விடையைக் காட்டுவார். அவருக்கு டேபிள்ல ஒரு ஆன்சர் காலம் போதும். இன்னொருத்தர் "எப்படிப் போட்டே?"ன்னு கேட்பார், அவருக்கு ஒவ்வொரு ஸ்டெப்பையும் சேமிக்கணும். மூணாமவர் பக்கத்துல இருக்கிறவனோட பேசிப் பார்க்கச் சொல்வார். அவருக்கு ரெண்டு யூசரை ஒரே கணக்குல உட்கார வைக்கணும்.