வலமா? இடமா?

கடலோரத்தில் பிறந்த நமக்குச் சங்கும் சிப்பியும் புதியவை அல்ல. கன்னியாகுமரிக் கடைத்தெருவில் அவை குவிந்து கிடப்பதைக் காண்கிறோம். ஆயினும் சங்கைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பெயரடை எங்கள் வகுப்பையே திகைக்க வைத்துவிட்டது.

'டெக்ஸ்ட்ரல்' என்பதே அச்சொல். வலப்பக்கமாகச் சுருண்ட என்பது பொருள். 'சினிஸ்ட்ரல்' அதன் எதிர்ச்சொல். வகுப்புத் தேர்வில், 'டெக்ஸ்ட்ரல்' சங்கு என்பதை 'வலம்புரிச் சங்கு' என்று நாங்கள் அனைவரும் மொழிபெயர்த்தோம். சிஸ்டர் அத்தனை விடைகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். "அகராதிப்படிதானே எழுதினோம்?" என்று வாதாடினோம். "சங்கைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்றார்கள்.

மறுநாள், முட்டத்திலிருந்து வரும் தோழி தன் பாட்டாவின் சங்கைக் கொண்டு வந்தாள். "இது சாதாரண இடம்புரி என்று பாட்டா சொன்னார்" என்றாள். சிஸ்டர் அதன் சுருள்முனையை மேலாக வைத்து, வாயை எங்கள் பக்கம் திருப்பினார்கள். வாய் வலப்பக்கம் இருந்தது. விலங்கியலார் பார்க்கும் முறை இதுவே. ஆகவே அது 'டெக்ஸ்ட்ரல்'. பிறகு தலைகீழாக்கி, வால்முனையை மேலாக வைத்தார்கள். வாய் இடப்பக்கம் வந்தது! நம் முன்னோர் பார்த்த முறை இது. ஆகவே அது இடம்புரி. சுருள் மாறவில்லை, பிடித்த விதமே மாறியது.

மன்னார் வளைகுடாவில் முக்குளித்து எடுக்கும் சங்குகள் ஏறக்குறைய எல்லாமே 'டெக்ஸ்ட்ரல்'. இவ்வினத்தின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். மிக அரிதாகக் கிடைக்கும் வலம்புரியோ 'சினிஸ்ட்ரல்'. அரிதானதால் விலையும் அதிகம். அமெரிக்கக் கடற்கரைகளில் இயல்பாகவே 'சினிஸ்ட்ரல்' ஆக வளரும் வேறோர் இனத்தை வலம்புரி என்று விற்பவரும் உண்டு. நம் சங்கின் வாயினுள்ளே நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும். அந்த இனத்தில் அவை இரா. வாங்குவோர் கவனிக்க!

இலத்தீன் மொழியில் 'டெக்ஸ்டர்' வலம், 'சினிஸ்டர்' இடம். கைத்திறனைக் குறிக்கும் 'டெக்ஸ்டரஸ்' முன்னதிலிருந்து பிறந்தது. பின்னது ஆங்கிலத்தில் தீமையைக் குறிக்கலாயிற்று. தமிழிலும் வலம் என்பதற்கு வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு. இடக்கையால் எழுதும் தோழியரே, வருந்த வேண்டாம்; அரிய சங்கும் 'சினிஸ்ட்ரல்' தானே!

அகராதியும் பிழையன்று, பாட்டாவும் பிழையன்று. பொருளைக் கையில் எடுத்துப் பாராமல் சொல்லை மட்டும் பெயர்த்த நாங்களே பிழை செய்தோம். இழந்த மதிப்பெண் ஒன்று; கற்ற பாடம் என்றும் மறவாதது.

— பத்தாம் வகுப்பு மாணவி