நீச்சல் குளத்துக்குக் கல் ஓரம்: கொட்டேஷன்ல கேட்க வேண்டிய 3 கேள்விகள்

அமெரிக்காவில் குளத்தோட வீடு வாங்குறீங்களா? அது வினைல் லைனர் குளம்னா, ஓரத்துல கல் பதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க.

கல் பல பத்து வருஷம் நிற்கும். உள்ளே விரிச்சிருக்கிற வினைல் ஷீட் சுமார் 10 வருஷம்தான். ஷீட்டோட மேல் விளிம்பு, சுவர் உச்சியில ஓடுற ஒரு ட்ராக்ல மாட்டியிருக்கும். அந்த ட்ராக்கை மூடி கல்லைப் பதிச்சுட்டா, ஷீட் மாத்தும்போது கல்லையும் உடைக்கணும். செலவு ரெண்டாயிடும்!

அதனால கேளுங்க:

1. கல்லைத் தொடாம லைனரை மாத்த முடியுமா?
2. கல்லோட எடையைத் தாங்க கீழே கான்கிரீட் இருக்கா?
3. கல்லுக்கும் வெளித்தரைக்கும் நடுவுல இடைவெளி விட்டு சீலண்ட் போடுவீங்களா? குளிர்ல தரை அசைஞ்சா, இடைவெளி இல்லாத கல் விரிசல் விடும்.

அடுத்து பட்ஜெட். லைனர் மாத்த 4,800 டாலர்னு வெச்சுக்கோங்க. 8 வருஷத்துக்கு 96 மாசம். மாசம் 50 டாலர் தனி அக்கவுண்ட்ல போட்டுட்டு வாங்க. அப்போ கிரெடிட் கார்டு தேய்க்க வேண்டி வராது. கூரைக்கும் ஏசிக்கும் இதே கணக்குதான்.