"அத்தா எங்கே?" – எழுத்தில்லாத படக்கதை



வீட்டில் மௌத் நடந்தால் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறோம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையிடம் மட்டும் "அத்தா வெளியூர் போயிருக்கிறார்" என்கிறோம். நாற்பது வயதானாலும் அந்தப் பிள்ளை வாசலையே பார்த்திருக்கும். "தூங்குகிறார்" என்றால் தூங்கவே பயப்படும்.

லண்டன் மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸின் மகனுக்கும் இக்குறைபாடு உண்டு. சொல்லைவிடப் படம் அவருக்கு எளிதில் புரிந்தது. 1989-இல் அப்பாவின் மரணம், அம்மாவின் மரணம் பற்றி எழுத்தே இல்லாத இரண்டு படக்கதைகளை ஹாலின்ஸ் கொண்டுவந்தார். 'புக்ஸ் பியாண்ட் வேர்ட்ஸ்' வரிசை அப்படித்தான் தொடங்கியது.

நம் வீட்டிலும் செய்யலாம். கைப்பேசியில் ஆறு படம் எடுத்து, சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு ஸ்டுடியோவில் அச்சிட்டால் போதும்: அத்தாவின் கட்டில், ஆஸ்பத்திரி, சந்தூக்கு, பள்ளிவாசல், கபர்ஸ்தான், காலி நாற்காலி. உருவப்படம் வேண்டாம் என்போருக்கும் இதில் தடையில்லை.

கதையை நாம் சொல்லக் கூடாது. "இதிலே என்ன நடக்குது?" என்று கேட்டுக் காத்திருப்போம். பேச்சு வராதவர் தொட்டுக் காட்டுவார். அழுதால் அழட்டும். பிறகு நேராகவே சொல்வோம்: "அத்தா மௌத்தாகிவிட்டார். திரும்பி வரமாட்டார். நாம் துஆ செய்வோம்." மறுநாளும் அதே படங்களைப் பார்ப்போம்.

ஜனாஸா அன்று அவரைப் பக்கத்து வீட்டில் உட்கார வைக்க வேண்டாம். முகம் பார்க்கட்டும். மகனானால் மூன்று பிடி மண் போடட்டும். கபர்ஸ்தானுக்குப் போகாத மகளுக்கு அந்தப் படமே வழி காட்டும்.

அத்தாவுக்காகக் கையேந்தும் உரிமை அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அல்லாஹ் நமக்குப் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.