காட்டுத்தீயை வானத்திலிருந்து காண்பது எப்படி?



கொழும்பு மட்டக்குளி, காக்கைத்தீவில் 'நாரா' என்ற நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. செய்மதி தரும் விவரங்களில் கடலின் சூட்டையும் பாசியின் அளவையும் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று அவர்கள் மீனவருக்குச் சொல்கிறார்கள். இதே முறையில் நம் மலையையும் பார்க்கலாம்.

தீயின் சூடு கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே போகும். செய்மதிக் கருவி அதைப் பிடிக்கும். செழித்த இலையும் வாடின இலையும் ஒளியை ஒரே மாதிரி திருப்பி அனுப்பாது. அதனால் பயிர் வாடுவதும் தெரியும்.

ஆனால் குறையும் உண்டு. 2017இல் அமெரிக்கா ஏவிய நோவா-20 செய்மதி பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும்தான் நம்மைக் கடக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு மானாப்புல்லில் பிடித்த தீ, நடுச்சாமம் தாண்டித்தான் அதன் கண்ணில் படும். அதன் தீப்படத்தில் ஒரு புள்ளி என்பது சுமார் 35 ஏக்கர். சின்னத் தீ தப்பிவிடலாம். கனத்த மேகம் மூடினால் தெரியவே தெரியாது.

விமானம் அப்படியல்ல, வேண்டிய நேரத்தில் அனுப்பலாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, இந்தியக் கடலோரக் காவற்படை விமானம் மேலே பறந்து பார்த்தது. ஆனாலும் யாராவது சொன்னால்தானே விமானம் கிளம்பும்!

ஆகவே முதல் கண் லயத்தில் இருக்கிற உங்கள் கண்தான். புகையைக் கண்டால் 'தானா அணையும்' என்று இருந்துவிடாதீங்க. கங்காணிக்கோ துரைக்கோ உடனே சொல்லுங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் பேசுங்க. மேட்டுப்பக்கம் ஓட வேண்டாம், தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கும்படி நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.