பத்து நிமிடத்தில் நாற்பது பக்கமா?

கேள்வி: ஐயா, வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சோழர் காலத்து ஏரி வாரியம் பற்றி அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் முதன்முறையாகக் கட்டுரை வாசிக்கிறேன். பத்து நிமிடம்தான் தருகிறார்கள். கட்டுரையோ நாற்பது பக்கம். எதை விடுவது? யாராவது கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு.
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: பத்து நிமிடம் தாராளம் அம்மா. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாநாட்டில் பேச 10 நிமிடம், கேள்விக்கு 2 நிமிடம்தான் வழக்கம். நம்மூரில் சிக்கல் வேறு: 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கி ஆளாளுக்கு வணக்கம் சொல்லியே மூன்று நிமிடம் கரைந்துவிடும். அமர்வுத் தலைவருக்கு ஒரு வணக்கம் போதும்.

சோழ வரலாற்றை விஜயாலயனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் அதை வகுப்பில் நடத்துகிறவர்கள். நேரே உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுங்கள். 30 குடும்பு, குடவோலை, ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி 360 நாள். இதற்கு அரை நிமிடம். அடுத்த வாக்கியத்திலேயே, அந்த ஆறு பேரைப் பற்றி இதுவரை எழுதியவர்களிடமிருந்து நீங்கள் எங்கே விலகுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மீதி நேரம் முழுக்க அதற்கான சான்று. உங்களிடம் பத்துச் சான்று இருக்கலாம். வலுவானது ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று, அவ்வளவுதான். முந்தைய ஆய்வுகளின் பட்டியல் கட்டுரையிலேயே இருக்கட்டும்.

கல்வெட்டின் மைப்படி முழுவதையும் சிலர் திரையில் ஏற்றுகிறார்கள். கடைசி வரிசைக்குக் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். தேவையான வரியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கீழே வாசகத்தைப் போடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் அங்குள்ள கணினியில் புரியாத குறிகளாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து, வாய்விட்டு, நின்றுகொண்டு பேசிப் பாருங்கள். மனசுக்குள் படித்தால் எட்டு நிமிடம் ஆவது மேடையில் பன்னிரண்டு ஆகும்.

கேள்விகளில் பாதியை முன்கூட்டியே ஊகிக்கலாம். முதல் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். பிரமதேயமான உத்திரமேரூரின் வழக்கத்தை மற்ற ஊர்களுக்கும் பொருத்தலாமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் மும்மூன்று வரியில் பதில் எழுதி வையுங்கள். தெரியாததற்கு, 'அந்தக் கல்வெட்டை நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கிறேன்' என்றால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், சமாளித்தால்தான் நினைப்பார்கள். கேள்வி என்ற பெயரில் சொந்த ஆய்வை விரித்துரைக்கும் பெரியவர் ஒருவர் எந்த அரங்கிலும் உண்டு. குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுங்கள். நிறுத்துவது அமர்வுத் தலைவரின் வேலை.

நாற்பது பக்கத்தில் ஐந்தாறு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். தேநீர் இடைவேளையில் தேடி வந்து கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.