வலியுள்ள உடலுக்கும் ஹக்கு உண்டு

பெண்கள் பயான் முடிந்தபின் மஸ்அலா கேட்டு எழுதியனுப்பும் துண்டுக் காகிதங்களில் ஒரு தாயாருடையது மட்டும் இரண்டு பக்கம் நீண்டிருந்தது. வயது 54. இரு முழங்கால்களிலும் ஒன்பது வருடமாக வலி. எடை 84 கிலோ. எடையைக் குறையுங்கள், நடவுங்கள் என்கிறாராம் மருத்துவர். நடந்தால் வலிக்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் வலி கூடுகிறது. பிள்ளைகளோ, "உம்மா வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இத்தனையும் எழுதியபின் அந்தத் தாயார் கேட்டிருந்தது இதுதான்: "நோய் பாவங்களுக்குப் பரிகாரம் என்று சொல்கிறீர்கள். அப்படியானால் இதை ஸப்ரு செய்துகொண்டு இப்படியே இருந்துவிடலாம்தானே ஹஜ்ரத்? நாற்காலியில்தான் தொழுகிறேன். அதில் குறை உண்டா?"

கேள்வி இரண்டாயினும் வேர் ஒன்றே. வலி வந்துவிட்டால் எதுவரை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்பதே அது. இந்நோய் இன்று நம் வீடுகளில் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஸப்ரு என்றால் அசையாமல் இருப்பது என்று நம்மில் பலர் விளங்கி வைத்திருக்கின்றனர். குர்ஆன் ஷரீபில் நோயின் துன்பத்துக்கும் பொறுமைக்கும் முன்னுதாரணமாகச் சொல்லப்படுபவர்கள் நபி அய்யூப் (அலை) அவர்கள். அவர்களுக்கு நிவாரணம் வந்த முறையைக் கவனியுங்கள். ஸாத் சூராவின் 42-வது வசனத்தில் அல்லாஹுத் தஆலா அவர்களுக்கு முதலில் இட்ட கட்டளை, காலால் பூமியில் தட்டும்படி. அதன்பின்தான் குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைத்தது. மர்யம் (அலை) அவர்களின் வரலாறும் இவ்வாறே. பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியிருந்தவர்களிடம், மரத்தின் அடிப்பாகத்தைத் தம் பக்கமாக அசைக்கும்படி சொல்லப்பட்டது. பிறகே பழுத்த கனிகள் உதிர்ந்தன. வேதனையில் இருக்கும் ஒரு பெண் அசைத்தா ஒரு பேரீச்ச மரம் அசைந்துவிடப் போகிறது? நீரும் கனியும் அல்லாஹ்வின் கொடையே. எனினும் அந்த நிலையிலும் அவர்களால் இயன்ற ஒரு சிறு அசைவு கேட்கப்பட்டிருக்கிறது. ஓடும்படியோ மலை ஏறும்படியோ சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

நோய் பாவங்களைப் போக்கும் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்ததுதான். அதே நபி (ஸல்) அவர்களே மருத்துவம் செய்துகொள்ளும்படியும் ஏவியிருக்கிறார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிதாபுகளில் உள்ளது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது ஹக்கு உண்டு என்று எச்சரித்ததும் அவர்களே. வலியில்லாத உடலுக்கு மட்டும்தான் அந்த ஹக்கு என்று நாம் எந்தக் கிதாபிலும் பார்த்ததில்லை.

இனி முழங்காலின் விஷயத்துக்கு வருவோம். நாம் மருத்துவர் அல்லர். எனினும் மருத்துவர்கள் ஒன்றுபட்டுச் சொல்வதை எடுத்துச் சொல்வதில் தவறில்லை. மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டினுள் உள்ள வழவழப்பான நீரிலிருந்தே அது உணவு பெறுகிறது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அந்த நீர் அதனுள் போய் வருகிறது. ஆகவே வருடக்கணக்கில் அசைக்காமல் வைத்த மூட்டு ஓய்வு பெறுவதில்லை, பட்டினி கிடக்கிறது. தொடையின் முன்பக்கத் தசை மெலிந்துபோனால், அது தாங்க வேண்டிய சுமையும் மூட்டின்மேல் விழுகிறது. எடையைப் பற்றி 2005-ல் வெளியான ஓர் ஆய்வு வியப்பான கணக்கைத் தருகிறது. மூட்டுத் தேய்மானமும் அதிக எடையும் உள்ளவர்களின் நடையை அளந்து பார்த்ததில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறதாம். அந்தத் தாயார் ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ! எடையில் 100-க்கு 5 முதல் 10 பங்கு வரை குறைந்தாலே பலருக்கு வலியில் வித்தியாசம் தெரிகிறது. 84 கிலோவில் அது நான்கு முதல் எட்டு கிலோதான். இருபது வயதில் இருந்த உடம்பைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

நாற்காலித் தொழுகைக்கு அடிப்படை, புகாரீ ஷரீபில் உள்ள இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களின் ஹதீஸ். மூல நோயால் வருந்திய அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள்: நின்று தொழுவது; இயலாவிட்டால் உட்கார்ந்து; அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. இயலாமை எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படிக்குத்தான் சலுகை. இயன்றது, இயலாததன் காரணத்தால் விழுந்துவிடாது என்று பிக்ஹு சட்ட விதிகளில் ஒன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது என்ன? ஸுஜூதுக்கு முழங்காலை மடக்க முடியவில்லை என்பதற்காக, பர்ளான தொழுகையின் தக்பீரிலிருந்தே நாற்காலியில் அமர்ந்துவிடுகிறோம். அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று மீன் பொரித்த அதே கால்தான்! (இதை எழுதும்போது அந்தத் தாயார் மனம் நோகக் கூடாதே என்று தயங்கினோம். ஆனாலும் எழுத வேண்டியதாகிறது.)

ஷாபிஈ மத்ஹபில், நிற்க இயலும், ஸுஜூது மட்டும் இயலவில்லை என்றால், பர்ளில் நிலை நிற்பது கடமையாகவே இருக்கும். நின்று ஓதிவிட்டு, இயலாத செயல்களுக்கு மட்டும் சைகை செய்ய வேண்டும். நிற்பதால் கடுமையான சிரமம் ஏற்பட்டு உள்ளச்சமே போய்விடும் என்றால் உட்காரலாம். ஹனபி மத்ஹபின் பிரசித்தமான சட்டம் வேறு. ஸுஜூதே செய்ய இயலாதவருக்கு நிலையின் கடமை நீங்கிவிடுகிறது. உட்கார்ந்து சைகையால் தொழுவது அவருக்குச் சிறந்தது. ஆனால் ஸுஜூது செய்ய இயன்று, நெடுநேரம் நிற்கத்தான் முடியவில்லை என்றால், ஹனபியிலும் இயன்ற அளவு நிற்க வேண்டும். அது தக்பீரும் ஓர் ஆயத்தும் ஓதும் நேரமே ஆனாலும் சரி. சுவரையோ கைத்தடியையோ பிடித்து நிற்க முடிந்தால் அப்படி நிற்க வேண்டும். சைகை செய்வோர் ருகூஉவை விட ஸுஜூதுக்குத் தலையைக் கூடுதலாகத் தாழ்த்த வேண்டும். சுன்னத், நபில் தொழுகைகளை நிற்க இயன்றவரும் உட்கார்ந்து தொழலாம், ஸவாப் பாதி. உண்மையாகவே இயலாதவருக்கு அந்தக் குறையும் இல்லை. நலமாக இருந்தபோது செய்துவந்த அமல் நோயின்போதும் எழுதப்படும் என்று அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. எனவே, தம் மத்ஹபின்படி இன்று எவ்வளவு இயலும் என்று ஒவ்வொருவரும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாத நாளில் நாற்காலியில் அமர்வதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

தொழுகையே நல்ல உடற்பயிற்சி, வேறெதுவும் வேண்டாம் என்று சிலர் மேடைகளில் பேசுகின்றனர். நமக்கு இதில் உடன்பாடில்லை. தொழுகை இபாதத்து. உடலுக்கு வேண்டிய நடையைத் தனியாகத்தான் நடக்க வேண்டும்.

எவ்வளவு நடப்பது? இங்கேதான் வலியுள்ளவர்கள் இரண்டு பக்கமும் தவறுகின்றனர். வலி குறைந்திருக்கும் ஒரு நாள் உற்சாகமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த நான்கு நாள் படுத்துவிடுவது. பிறகு நடையே ஆகாது என்று முடிவுகட்டுவது. ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் வந்தபோது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. என்னவென்று கேட்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவது என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. இபாதத்துக்கே இந்த அளவுகோல் என்றால் நடைக்கு வேறு அளவுகோல் எதற்கு?

நாம் அந்தத் தாயாருக்கு எழுதியது: ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பின்னும் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ ஐந்து நிமிடம் நடவுங்கள். ஐந்து வக்துக்கு 25 நிமிடம். வாரத்தில் ஆறு நாள் நடந்தால் 150 நிமிடம். மருத்துவர்கள் பெரியவர்களுக்குக் கேட்கும் குறைந்த அளவும் அதுதான். துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும் என்றே இப்போது சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் முடியாவிட்டால் இரண்டில் ஆரம்பியுங்கள். நடக்கும்போது சற்று வலிப்பது குற்றமல்ல. மறுநாளும் அந்த வலி கூடியே இருந்தால் நேற்றைய அளவு அதிகம். பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். தொழும் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். மூட்டு சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, நெஞ்சு அடைத்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினசரி விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மிகவும் அஞ்ச வேண்டும்.

மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் தினமும் ஒரு ஸதகா உண்டென்றும், ளுஹாவின் இரண்டு ரக்அத்துகள் அவை அனைத்துக்கும் போதுமாகும் என்றும் முஸ்லிம் ஷரீபில் வந்துள்ளது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த ஹதீஸ் தனிச் சுவையாக இருக்கும். உட்கார்ந்து தொழுதாலும் சரியே.

உணவைப் பற்றி எல்லோரும் அறிந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற மிக்தாம் (ரலி) அவர்களின் ஹதீஸ் எல்லா வீட்டிலும் தெரியும். தெரிந்தும் எங்கே தவறுகிறது? அந்தத் தாயாரிடம் ஒரு வாரம் தாம் சாப்பிட்டதை எழுதி வைக்கச் சொன்னோம். தட்டில் அவர் போட்டுக்கொண்டது குறைவுதான். பேரப்பிள்ளைகள் மிச்சம் வைத்த இடியாப்பம், சஹனில் கடைசியாகக் கிடந்த நெய்ச்சோறு, மகன் பாதியில் எழுந்துபோன பரோட்டா எல்லாம் அவர் வயிற்றுக்குத்தான் போயிருக்கின்றன. "வீணாக்கினால் குற்றமல்லவா ஹஜ்ரத், பரக்கத்து போய்விடுமே" என்கிறார். அந்தப் பேணுதல் மதிக்கத்தக்கதே. ஆனால் வீண்விரயம் நடந்தது சமைத்த இடத்திலும், அளவின்றிப் பரிமாறிய இடத்திலும். தேவைக்கு மேல் வயிற்றில் இட்டாலும் அதுவும் விரயம்தான். குறைத்துச் சமையுங்கள்; சிறிது சிறிதாகப் பரிமாறுங்கள்; எச்சில் படாததை எளியவருக்குக் கொடுங்கள்; மற்றதைக் கோழிக்கும் ஆட்டுக்கும் போடுங்கள். சஹனில் கூடி உண்பதில் பரக்கத்து உண்டு. அதில் யார் எவ்வளவு உண்டார் என்பது தெரியாது என்பதும் உண்மை. வலியுள்ளவர் தம் பங்கை முதலிலேயே ஓரமாக ஒதுக்கிக்கொள்ளட்டும். தேநீரையும் எழுதி வைத்திருந்தார்: நாளொன்றுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சீனி. பத்துக் கரண்டி சுமார் 40 கிராம். மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல். (பாத்திஹா வீடுகளில் முதல் தட்டு நம் முன்னால்தான் வைக்கப்படுகிறது. நம் வகுப்பாரின் வயிற்றைப் பார்த்தவர்கள் இந்தப் பகுதியை நாம் எழுதுவதைக் கண்டு சிரிக்கலாம். நமக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.)

திங்கள், வியாழன் நோன்பை எடை குறைப்பதற்காகவும் நாடலாமா என்றும் பலர் கேட்கின்றனர். நோன்பின் நிய்யத்துடன் பத்தியத்தையும் சேர்த்து நாடினால் என்ன சட்டம் என்பதை இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் தமது அல்அஷ்பாஹ் வன்னளாயிரில் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஒளுச் செய்பவர் குளிர்ச்சியையும் சேர்த்து நாடுவது போன்றது இது, நோன்பு நிறைவேறிவிடும். அல்லாஹ்வுக்காக என்ற எண்ணம் முந்தியிருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மஃரிபுக்குப் பின் சமோசாவும் வடையுமாக நோன்பு திறந்தால் எடை குறையாது, ஏறும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்தபோது அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னர் அன்னையவர்களுக்கு உடலில் சதை போட்டபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்திவிட்டு, அதற்கு இது ஈடு என்றார்கள். அபூதாவூதில் உள்ளது. மனைவி பெருத்துவிட்டதைக் குத்திக் காட்டும் ஒரு சொல் அதில் இல்லை, கூட ஓடியிருக்கிறார்கள். உம்மா வாயைக் கட்ட வேண்டும் என்று சொன்ன மகன், அஸருக்குப் பின் பத்து நிமிடம் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். வலி கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது வருடம் தினமும் அதைச் சொல்லிச் சொல்லி, சொல்வதற்கே வெட்கப்பட்டு ஒரு தாய் வாய் மூடியிருக்கலாம்.

காகிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: நடந்துகொண்டே ஸலவாத்து ஓதலாமா, அதற்கு ஒளு வேண்டுமா? தாராளமாக ஓதலாம். ஒளு அவசியமில்லை, இருந்தால் நல்லது. நின்றும், இருந்தும், விலாப்புறம் சாய்ந்தும் அல்லாஹ்வை நினைப்போரை ஆலு இம்ரான் சூராவில் அல்லாஹுத் தஆலா புகழ்ந்தே கூறுகின்றான். ஒரு சுற்றுக்குப் பத்து ஸலவாத்து என்று வைத்துக்கொண்டால், எத்தனை சுற்று நடந்தோம் என்ற கணக்கும் தவறாது.